டார்ச்சை முப்பதாவது நிமிடத்தில் எடைபோடுங்கள்

கடையில் டார்ச் லைட் வாங்குகிறவர் சுவரைப் பார்த்து ஒருமுறை அடித்துப் பார்ப்பார். பளிச்சென்று இருந்தால் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். அந்த ஐந்து விநாடிச் சோதனையில் தேறினால் போதும் என்றே இன்று பல டார்ச்சுகள் செய்யப்படுகின்றன. இரவில் தோட்டத்துக்குள் இறங்குகிறவருக்கோ அரை மணி நேரம் கழித்தும் மங்காத வெளிச்சம் வேண்டும். அதற்குப் பேட்டரி நன்றாக இருக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். எல்இடியில் பிறக்கும் சூடு வெளியேற வழி இருக்கிறதா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. வாங்குகிறவர், விற்கிறவர், செய்கிறவர் மூவரும் இனி அதைக் கேட்டாக வேண்டும்.

கோவையை அடுத்த தொண்டாமுத்தூர் பக்கம் எலக்ட்ரானிக் சாமான்கள் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். கடைக்குப் பின்னால் ஒரு சின்ன லேத்தும் ஓடுகிறது. எங்களுடையது மலையடிவாரம். வாழைக்கும் பாக்குக்கும் தண்ணீர் கட்டப் போகிறவர்கள், ராக்காவல் இருப்பவர்கள் எல்லாரும் டார்ச்சை நம்பித்தான் காலெடுத்து வைக்கிறார்கள். வரப்பில் கட்டுவிரியன் கிடக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் யானை நிற்கும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். இப்படிப்பட்ட நாட்டில் நடுவழியில் டார்ச் மங்குவதைச் சின்னக் கோளாறு என்று தள்ளிவிட முடியாது.

அவர்கள் கொண்டுவரும் புகார் அநேகமாக ஒன்றுதான். "ஏனுங்க, வாங்கி ரெண்டு மாசங்கூட ஆகலீங்க. போட்டதும் நல்லாத்தான் அடிக்குது. தோட்டத்துக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள டல்லாயிருதுங்க" என்பார்கள். பேட்டரி போய்விட்டது என்று அவர்களே முடிவு கட்டியிருப்பார்கள். மீட்டரில் அளந்தால் பேட்டரி நன்றாகவே இருக்கும்.

முகப்பு வளையத்தைத் திருகிக் கண்ணாடியையும் ரிஃப்ளெக்டரையும் எடுத்தால் விஷயம் தெரிந்துவிடும். நட்சத்திர வடிவத்தில் ஒரு சின்ன அலுமினியத் தட்டு, அதன் நடுவே எல்இடி. தட்டு உட்கார்ந்திருப்பது ஒரு வெற்றுக் கிண்ணத்தின் விளிம்பில். விளிம்பின் அகலம் நகக்கண் அளவுகூட இருக்காது. தட்டைத் தூக்கிப் பார்த்தால் பின்பக்கத்தில் ஹீட் சிங்க் பேஸ்ட் கிடையாது. ஓரத்தில் இரண்டு சொட்டுக் கோந்து மட்டும் இருக்கும். அதற்குப் பின்னால் இரண்டு ஒயரும் காற்றும்தான். அலுமினியம் கடத்தும் சூட்டில் ஐயாயிரத்தில் ஒரு பங்கைக்கூடக் காற்று கடத்தாது. வெளி உடம்பு பிளாஸ்டிக்காக இருந்தால் அதோடு கதை முடிந்தது. வெந்துபோன எல்இடியின் மஞ்சள் மேற்பூச்சு பழுத்துக் கறுத்திருக்கும், வெளிச்சத்தில் நீலம் தட்டும்.

பழைய மூன்று கட்டை டார்ச்சில் இந்தத் தொல்லை இருந்ததில்லை. அதன் குண்டு பல்பு ஏறத்தாழ ஒரு வாட் மின்சாரம்தான் எடுக்கும். அதில் பிறக்கும் சூட்டில் பெரும்பகுதியும் வெப்பக் கதிராக மாறி வெளிச்சத்தோடு முன்பக்கமாகவே போய்விடும். எல்இடியின் ஒளியில் வெப்பக் கதிர் இல்லை என்றே சொல்லலாம். முழு வேகத்தில் ஓடும் எல்இடி, தான் வாங்கும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் சூடாக்கிவிடுகிறது. அத்தனை சூடும் அதன் முதுகு வழியாகத்தான் இறங்கியாக வேண்டும். வழியில்லை என்றால் உள்ளே வெப்பம் ஏறும், ஏற ஏற வெளிச்சம் குறையும், ஆயுளும் குறையும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 13 சென்டிமீட்டர் நீளம், இரண்டரை சென்டிமீட்டர் பருமன், 100 கிராம் அலுமினிய உடம்பு. எல்இடிக்குப் போவது 10 வாட் என்றால் ஆறு வாட்டுக்கு மேல் சூடாகும். 30 டிகிரி இரவில் முழு வெளிச்சத்தில் போட்டால் எட்டு நிமிடத்துக்குள் உடம்பு 55 டிகிரியை எட்டிவிடும். அந்தச் சூட்டில் உலோகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க முடியாது. காற்று அசையாத இடத்தில், அந்த அளவுள்ள டார்ச் தொடர்ந்து வெளியே தள்ளக்கூடிய சூடு ஏறத்தாழ மூன்று வாட்தான். அதாவது ஐந்து வாட் மின்சாரம், 500 அல்லது 600 லூமன் வெளிச்சம். கைக்கு அடக்கமான டார்ச் அரை மணி நேரம் நின்று தரக்கூடியது இவ்வளவுதான். அதற்கு மேல் வேண்டுமென்றால் உடம்பைப் பெரிதாக்கியாக வேண்டும்.

இப்போது கடையில் தொங்கும் பெட்டிகளைப் பாருங்கள். 10,000 லூமன், ஆறு மணி நேரம் என்று அச்சடித்திருப்பார்கள். ஒரு வாட்டுக்கு 150 லூமன் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் அதற்கு 67 வாட் வேண்டும், ஆறு மணி நேரத்துக்கு 400 வாட்-மணி. டார்ச்சில் போடும் 18650 லித்தியம் செல் ஒன்றில் வழக்கமாக 10 அல்லது 11 வாட்-மணிதான் இருக்கும். ஆக 37 செல்லாவது வேண்டும். செல்களின் எடை மட்டுமே ஒன்றேமுக்கால் கிலோ வரும். சட்டைப்பையில் அடங்கும் டார்ச்சின் மேல் அந்த எண்ணைப் போடுவது பொய். அதை மிகைப்படுத்தல் என்று சொல்லி மன்னிக்க எனக்கு மனமில்லை.

நல்ல டார்ச் எப்படி இருக்கும் என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. எல்இடியின் அடிப்பகுதி செம்புத் தட்டில் நேரடியாகப் பற்றவைக்கப்பட்டிருக்க வேண்டும். சாதாரண அலுமினியத் தட்டில் நடுவே ஒரு மின்காப்புப் படலம் இருக்கும். அந்தப் படலமே சூட்டை மறிக்கும். செம்புத் தட்டு உட்காரும் இடம் டார்ச்சின் தலையோடு ஒரே உலோகமாகக் கடைந்தெடுத்ததாகவும், மூன்று நான்கு மில்லிமீட்டர் கனமுள்ளதாகவும், தட்டின் முழுப் பரப்பையும் தாங்குவதாகவும் இருக்க வேண்டும். பேஸ்ட்டை மெல்லிசாகத் தடவினால் போதும். இரண்டு பரப்புக்கும் நடுவிலுள்ள கண்ணுக்குத் தெரியாத இடைவெளியை நிரப்புவதுதான் அதன் வேலை. அப்பிவிட்டால் அதுவே தடையாகிவிடும். தலையைச் சுற்றி, மோட்டார் சைக்கிள் இன்ஜினில் இருப்பதுபோல் வரிவரியாக வெட்டிவிட்டால் காற்று படும் பரப்பு கூடும். பளபளவென்று பாலிஷ் போட்ட அலுமினியம் பார்க்க அழகு, ஆனால் கதிராகச் சூட்டை வெளிவிடுவதில் மிக மந்தம். அனோடைஸ் செய்த பரப்பு அதைப் பல மடங்கு நன்றாகச் செய்யும்.

இதைவிட முக்கியம், வேண்டாத சூட்டைப் பிறக்கவே விடாமலிருப்பது. டார்ச்சுகளில் நெடுநாள் கோலோச்சிய கிரீ எக்ஸ்எம்-எல் எல்இடியின் டி6 ரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 700 மில்லி ஆம்பியரில் இரண்டு வாட் எடுத்துக்கொண்டு 280 லூமன் தரும். 3 ஆம்பியர் கொடுத்தால் 10 வாட் எடுத்துக்கொண்டு 900 லூமனை ஒட்டித் தரும். மின்சாரம் ஐந்து மடங்கு, வெளிச்சம் மூன்று மடங்குக்குச் சற்று மேல். மிச்சமெல்லாம் சூடு. ஆகவே ஒரே எல்இடியைப் பிழிவதைவிட இரண்டு மூன்று எல்இடிகளை மிதமாக ஓட்டுவது மேல். தூரத்தில் நிற்கும் யானையைப் பார்க்க வேண்டும் என்றால் வாட்டைக் கூட்டுவதைவிட ஆழமான, அகலமான ரிஃப்ளெக்டர் போடுவதே சரி. வாட்டை மட்டும் நம்பினால், தூரம் இரண்டு மடங்காக வெளிச்சம் நான்கு மடங்காக வேண்டும்.

நல்ல டார்ச்சைப் பற்றியே இரண்டு தப்பான எண்ணங்கள் நம்மிடம் இருக்கின்றன. முதலாவது, கை சுடாத டார்ச்தான் நல்லது என்பது. பளிச்சென்று அடிக்கும் டார்ச்சின் தலை பத்து நிமிடம் கழித்தும் சில்லென்று இருந்தால் சூடு வெளியே வரவில்லை, எல்இடியிலேயே தங்கி அதை வேகவைக்கிறது என்று பொருள். தலை சீராக வெதுவெதுப்பாவது நல்ல அறிகுறி. இரண்டாவது, வெளிச்சம் தானாகக் குறைந்தால் டார்ச்சில் கோளாறு என்பது. எல்இடிக்குப் பக்கத்திலேயே வெப்பம் பார்க்கும் தெர்மிஸ்டர் வைத்து, சூடு ஏறும்போது மின்சாரத்தைப் படிப்படியாகக் குறைப்பதுதான் பொறுப்பான வடிவமைப்பு. அது எல்இடியை மட்டுமா காக்கிறது? லித்தியம் செல்களுக்கு வழக்கமாகச் சொல்லும் வரம்பு, பயன்படுத்தும்போது 60 டிகிரி, சார்ஜ் செய்யும்போது 45 டிகிரி. சுடச்சுடக் கொண்டுவந்து சார்ஜரில் மாட்டுவது செல்லைக் கெடுக்கும். சில டார்ச்சுகளில் தெர்மிஸ்டருக்குப் பதில் வெறும் டைமர் இருக்கும். மார்கழிக் குளிரில் உடம்பு சில்லென்று இருந்தாலும் மூன்றாவது நிமிடத்தில் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். அதைச் சோம்பேறித்தனமான வேலை என்பேன்.

உலக அளவில் டார்ச்சுகளுக்கு ஒரு தரம் இருக்கிறது. அமெரிக்காவில் 2009-இல் வந்த எஃப்எல்-1. அதைப் பின்பற்றும் டார்ச் பின்பற்றாததைவிட எவ்வளவோ நம்பகமானது. ஆனாலும் அதில் ஒரு பெரிய ஓட்டை. வெளிச்சத்தை அளப்பது டார்ச்சைப் போட்ட 30 விநாடியிலிருந்து இரண்டு நிமிடத்துக்குள். எத்தனை நேரம் ஓடும் என்பதை அளப்பதோ, வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை. 1,000 லூமனில் தொடங்கி மூன்றாவது நிமிடத்தில் 250-க்கு இறங்கி அப்படியே ஆறு மணி நேரம் ஓடும் டார்ச்சின் பெட்டியில் '1,000 லூமன், 6 மணி நேரம்' என்று போட்டுக்கொள்ளலாம், விதிமீறலே ஆகாது. வாங்குகிறவர் அதை எப்படிப் படிப்பார் என்று நமக்குத் தெரியும்.

ஆகவே என் கோரிக்கை ஒன்றே ஒன்று. இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு டார்ச்சின் பெட்டியிலும் முப்பதாவது நிமிடத்தில் எத்தனை லூமன் என்ற எண் இருக்க வேண்டும். அதுவும் குளிரூட்டிய ஆய்வுக்கூடத்தில் எடுத்த அளவாக இருக்கக் கூடாது. நம் ஊர் வெயிற்கால இரவின் வெப்பநிலையில், விசிறிக் காற்று படாமல் எடுத்திருக்க வேண்டும். என் கைக்கு வந்த எந்தப் பெட்டியிலும் அந்த எண்ணை நான் பார்த்ததில்லை. இந்தியத் தர நிர்ணய அமைவனம் அதைக் கட்டாயமாக்க வேண்டும். 'ஜனங்கள் பெரிய நம்பரைத்தான் கேட்கிறார்கள்' என்று வியாபாரிகள் சொல்வார்கள். வேறு நம்பரே காட்டாதபோது ஜனங்கள் வேறு எதைக் கேட்பார்கள்?

கோவையைச் சுற்றி லேத்துக்கும் வார்ப்புப் பட்டறைக்கும் பஞ்சமில்லை. பம்பு செட்டுக்கு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகாமல் கடையத் தெரிந்த கைகளுக்கு டார்ச்சின் தலையை ஒரே உலோகமாகக் கடைவது பெரிய காரியம் இல்லை. எல்இடியையும் செல்லையும் வெளியே வாங்கினாலும் உடம்பை நாமே செய்யலாம், சரியாகச் செய்யலாம்.

அதுவரை வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடைக்காரரிடம் கேட்டு, டார்ச்சை முழு வெளிச்சத்தில் பத்து நிமிடம் எரியவிடுங்கள். தலையைத் தொட்டுப் பாருங்கள், வெளிச்சத்தில் நீலம் ஏறுகிறதா என்று கவனியுங்கள், தொடக்கத்தில் அடித்த அதே சுவரில் மறுபடி அடித்துப் பாருங்கள். அதற்குச் சம்மதிக்காத கடையில் டார்ச் வாங்காதீர்கள்.