நாயின் சாவை எழுத ஓர் ஏடு வேண்டும்

2007 மார்ச் 16ஆம் திகதி கனடாவின் மெனு ஃபூட்ஸ் நிறுவனம், தான் தயாரித்த நாய், பூனை உணவில் ஏறத்தாழ 6 கோடி டின்களையும் பைகளையும் சந்தையிலிருந்து திரும்பப் பெறுவதாக அறிவித்தது. வட அமெரிக்கா எங்கும் வீட்டுப் பூனைகளும் நாய்களும் சிறுநீரகம் செயலிழந்து செத்துக்கொண்டிருந்தன. சீனாவிலிருந்து இறக்குமதியான கோதுமைப் புரதத்தில் மெலமைன் கலந்திருந்ததுதான் காரணம். தட்டு, கோப்பை செய்யப் பயன்படும் இந்த இரசாயனத்தின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைதரசன். உணவில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்பதை ஆய்வுகூடங்கள் பொதுவாக நைதரசனை அளந்தே கணக்கிடுவதால், மட்டமான மாவில் மெலமைனைக் கலந்தால் தாளில் அது உயர்தரச் சரக்காகிவிடும். மெலமைனோடு சயனூரிக் அமிலமும் சேர்ந்து வயிற்றுக்குள் போனால், இரண்டும் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் பொன்னும் பழுப்புமான உருண்டைப் படிகங்களாக இறுகி அடைத்துக்கொள்கின்றன. அப்படி எத்தனை பிராணிகள் செத்தன? அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்துக்கு வீட்டுக்காரர்கள் முறையிட்ட சாவுகள் 4,000 அளவில் இருந்தன. அதிகாரபூர்வமாக உறுதிசெய்யப்பட்டவையோ இருபதைத் தாண்டவில்லை. நாயும் பூனையும் எதனால் செத்தன என்று எழுதிவைக்கும் பொதுவான ஏடு அந்தப் பணக்கார நாட்டிலேயே இருக்கவில்லை என்பதுதான் இந்த இடைவெளிக்குப் பெரிய காரணம்.

ஏடு இல்லாததன் விலை அதோடு முடியவில்லை. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னதாக, 2004இல், தாய்வான், தென்கொரியா, மலேசியா, சிங்கப்பூர் உள்ளிட்ட ஆசிய நாடுகளில் ஆயிரக்கணக்கான நாய்களுக்குச் சிறுநீரகம் பழுதானது. தாய்லாந்துத் தொழிற்சாலை ஒன்றில் தயாரான உலர் உணவு சந்தேகிக்கப்பட்டுத் திரும்பப் பெறப்பட்டது. பூஞ்சண நஞ்சுதான் காரணம் என்று முடிவுகட்டி அந்தக் கோப்பை மூடிவிட்டார்கள். 2007இல் மெலமைன் அம்பலமான பிறகு ஜோர்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004இல் செத்த நாய்களின் பத்திரப்படுத்தப்பட்ட சிறுநீரகத் திசுக்களை எடுத்துப் பார்த்தபோது, அதே படிகங்கள் அங்கேயும் இருந்தன. யாரோ ஒருவர் ஒரு துண்டுத் திசுவை எறிந்துவிடாமல் வைத்திருந்ததால்தான் இந்த உண்மை வெளியே வந்தது. 2007 மார்ச்சுக்கு ஒன்றரை ஆண்டுக்குப் பின், 2008 செப்டெம்பரில், அதே மெலமைன் சீனாவின் குழந்தைப் பால்மாவில் கண்டுபிடிக்கப்பட்டது. சுமார் 3 இலட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். 6 பேர் இறந்தார்கள். தந்திரம் பழையதுதான், உணவு மட்டும் வேறு.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். 2007இல் நாய்கள் கொடுத்த எச்சரிக்கை உலகத்துக்கே தெரிந்திருந்தும் 2008இல் குழந்தைகள் காப்பாற்றப்படவில்லையே, பிறகு அந்த எச்சரிக்கையால் என்ன பயன்? எச்சரிக்கை போய்ச்சேர்ந்த இடம்தான் பிழை என்பேன். அது செல்லப்பிராணி விவகாரமாக, விலங்குத் துறைக்குள்ளேயே முடங்கியது. புரதத்தை நைதரசனால் அளக்கும் எல்லா உணவுக்கும் இந்த ஆபத்து உண்டு, பாலையும் பார்க்கவேண்டும் என்ற எண்ணம் மனித உணவைக் கவனிக்கும் மேசைக்கு நேரத்தோடு வந்துசேரவில்லை. ஆகவே ஏட்டில் எழுதினால் மட்டும் போதாது. அதைச் சுகாதாரத் துறையும் படிக்கவேண்டும்.

மெலமைன் மோசடி அரிதானது. நம் காலநிலைக்கு நெருக்கமானது அஃப்லடொக்சின் என்ற பூஞ்சண நஞ்சு. சோளம், கச்சான், கொப்பரை போன்றவை ஈரத்தோடும் வெப்பத்தோடும் கிடந்தால் அவற்றில் பிடிக்கும் பூஞ்சணம் இதை உண்டாக்குகிறது. சமைத்தாலும் எளிதில் அழியாது. இதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவையே விலங்குகள்தான். 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் செத்து, பிரேசிலிலிருந்து வந்த கச்சான் புண்ணாக்கைச் சோதித்தபோதுதான் இப்படியொரு நஞ்சு இருப்பதே தெரியவந்தது. அமெரிக்காவில் 2005இலும் 2020 இறுதியிலும், சோளத்திலிருந்த அஃப்லடொக்சின் கலந்த நாய் உணவால் ஒவ்வொரு தடவையும் நூற்றுக்கு மேற்பட்ட நாய்கள் ஈரல் பழுதாகி இறந்தன. எனக்கு இவற்றையெல்லாம்விடக் கனமாகத் தோன்றுவது 1974இல் ராஜஸ்தான், குஜராத் எல்லைக் கிராமங்களில் நடந்தது. அறுவடைக் காலத்து மழையில் நனைந்த சோளத்தையே முக்கிய உணவாக உண்ட ஆதிவாசிக் குடும்பங்களில் மஞ்சட்காமாலையும் வயிறு வீக்கமுமாக நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த நோய் மனிதருக்கு வருமுன்பே, அதே சோளத்தைத் தின்ற ஊர் நாய்களிடம் தென்பட்டது என்று மருத்துவப் பதிவுகள் சொல்கின்றன. நாய்கள் விழுந்தபோது அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

இனித் திருகோணமலைக்கு வருவோம். இந்த மாவட்டத்துக்கும் தானியத்துக்கும் உள்ள உறவு எல்லோரும் அறிந்தது. நாடு உண்ணும் பாணுக்கான கோதுமையில் பெரும்பகுதி கப்பலில் வந்து இறங்குவது நம் துறைமுகத்தில்தான். 1980 முதல் இயங்கும் பிரிமா மா ஆலையில் மாவைப் பிரித்தபின் மிஞ்சும் தவிடு நாடெங்கும் மாட்டுக்கும் கோழிக்கும் தீனியாகிறது. அந்த ஆலையின்மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. ஒரே கப்பல், ஒரே தானியம், அதில் ஒரு பங்கு மனிதருக்கு, ஒரு பங்கு விலங்குக்கு என்ற அமைப்பைக் காட்டவே இதைச் சொல்கிறேன். மனிதருக்கு ஆகாது என்று கழிக்கப்படும் தானியம் தீனிக்குப் போவதும் உலகெங்கும் உள்ள வழக்கம்தான். இலங்கையில் அஃப்லடொக்சின் புதிய சொல்லுமல்ல. 2021 மார்ச்சில் இறக்குமதியான தேங்காய் எண்ணெயில் அது கண்டுபிடிக்கப்பட்டு நாடே பதறியது. 2022இல் சோளமும் சோயாவும் சேர்த்துச் செய்யும் திரிபோஷாவைச் சுற்றி அதே சர்ச்சை. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் கொடுக்கும் சத்துமா அது.

நாய், பூனைகளுக்கான உலர் உணவு நம் கடைகளில் எப்படி விற்கப்படுகிறது என்பதையும் சற்றுக் கிட்ட நின்று பார்க்கவேண்டும். பெரிய மூடையை வாங்கிப் பிரித்து, மூடியுள்ள வாளியிலோ திறந்த சாக்கிலோ வைத்து, அரைக் கிலோ, ஒரு கிலோ என்று நிறுத்துக் கொடுக்கிறார்கள். முழுப் பை வாங்கக் கட்டுபடியாகாத வீடுகளுக்கு அது உதவிதான். ஆனால் தொகுதி இலக்கமும் காலாவதித் திகதியும் அச்சிட்டிருப்பது மூடையில். அள்ளிய சரக்கு கடைப் பையில் வீட்டுக்கு வரும்போது அதற்கு ஊருமில்லை, பேருமில்லை. பிரித்த மூடை மாரிக்காலத்து உப்புக்காற்றில் ஈரம் குடிக்கும். நாய் தீனியை முகர்ந்துவிட்டு ஒதுங்குகிறது, வாந்தி எடுக்கிறது, ஈறும் கண்ணும் மஞ்சளாகின்றன, மூத்திரம் தேயிலைச் சாயம் போல் இறங்குகிறது. நாலைந்து நாளில் முடிந்துவிட்டால் வளவின் மூலையில் குழி தோண்டிப் புதைப்பார்கள். மிஞ்சிய தீனி அடுத்த வீட்டு நாய்க்குப் போகும். தீனியில் பிழை இருந்திருந்தால், அதற்கான சான்று இப்படித்தான் பரவவும் செய்கிறது, அழியவும் செய்கிறது.

நம் ஊரில் எத்தனை நாய் பை உணவு தின்கிறது, பெரும்பாலானவை சோறும் மீன் தலையும் தின்று வளர்பவைதானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அது என் வாதத்துக்குப் பக்கபலமே ஒழிய எதிரானதல்ல. நம் சட்டிச் சோற்றைத் தின்னும் நாய், நாம் தின்பதையே தின்கிறது. 1974இன் ஊர் நாய்களும் அப்படித்தான். பிள்ளைகளே பசியோடு பள்ளிக்கூடம் போகும் நாட்டில் நாய்க்கு ஏடா என்ற கேள்வி இன்னும் கூர்மையானது. 2022இன் பொருளாதார நெருக்கடியைக் கடந்துவந்த எவரும் அதை அலட்சியம் செய்ய முடியாது. ஆனால் இங்கே பிள்ளையின் பங்கைப் பிடுங்கி நாய்க்குக் கொடுக்கும்படி யாரும் கேட்கவில்லை. எடை குறைந்த உடம்பு, ஒவ்வொரு நாளும் ஒரே உணவு என்பதால் நாயிடம் நஞ்சு சீக்கிரம் தெரிகிறது. அந்தத் தகவலைப் பிள்ளையின் நன்மைக்காகப் பயன்படுத்தச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

நாய்கள் எத்தனையோ நோயால் சாகின்றன, ஒவ்வொன்றுக்கும் தீனியைக் குற்றம் சாட்டினால் கடைக்காரர் பாடு என்ன என்பதும் கவனிக்கவேண்டியதே. எலிக்காய்ச்சலும் உண்ணிக் காய்ச்சலும் முதுமையும் இதே அறிகுறிகளைக் காட்டக்கூடும். வாய்வழிப் பேச்சாகக் கிளம்பும் சந்தேகம்தான் வியாபாரியைக் கெடுக்கிறது. எழுதிவைத்துச் சோதித்த முடிவு, குற்றமில்லாதவரைக் காப்பாற்றவும் செய்யும். 1986ஆம் ஆண்டின் விலங்குத் தீவனச் சட்டம் இருக்கிறதே, இறக்குமதிக்கு அனுமதி வேண்டுமே என்பார்கள். சட்டமும் அனுமதியும் சரக்கு உள்ளே வரும் வாசலைப் பார்க்கின்றன. உள்ளே வந்தபின், பல மாதம் கழித்து, ஒரு வளவில் ஒரு நாய் செத்தால் அந்தச் செய்தி திரும்பிப் போக ஒரு பாதையும் வேண்டும்.

அப்படியொரு பாதை நமக்கு முற்றிலும் புதிதல்ல. விசர் நாய்க்கடி சந்தேகம் என்றால் செத்த நாயின் தலையை வெட்டி, கசியாதபடி பொதிந்து, பனிக்கட்டியில் வைத்துப் பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்புகிறோம். நாயின் மூளையில் மனித உயிருக்கான செய்தி இருக்கிறது என்பதை இந்த நாடு ஏற்றுக்கொண்டு பல காலமாயிற்று. ஈரலும் சிறுநீரகமும் மட்டும் என்ன பாவம் செய்தன? ஒரு சிறு போத்தல் ஃபோர்மலினில் ஈரலிலும் சிறுநீரகத்திலும் ஒவ்வொரு துண்டு, உறையில் தின்ற தீனியில் அரைக் கிலோ. திருகோணமலையிலிருந்து ஏறத்தாழ 180 கிலோமீற்றர் தூரத்தில் கன்னொறுவையில் மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனமும், பக்கத்திலேயே பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடமும் இருக்கின்றன. எல்லா நாயையும் அனுப்பத் தேவையில்லை. ஒரே பகுதியில், ஒரே தீனி தின்ற இரண்டு மூன்று பிராணிகளுக்கு ஈரலோ சிறுநீரகமோ பழுதானால் அனுப்பினால் போதும். அதை அறிவதற்குத்தான் ஏடு. கிண்ணியாவில் ஒரு பூனையும் உப்புவெளியில் ஒரு நாயும் ஒரே வாரத்தில் செத்தால், இரண்டும் ஒரே தாளில் எழுதப்பட்டாலொழிய அவற்றை யார் சேர்த்துப் பார்ப்பது? அந்தத் தாளின் பிரதி அந்தப் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரியின் மேசைக்கும் போகவேண்டும். தனியார் மிருக வைத்தியர்களையும் சேர்க்காவிட்டால் பாதி செய்தி வெளியே நின்றுவிடும்.

கிழக்கு மாகாணக் கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களம் ஒரு சுற்றுநிருபத்தோடு இதைத் தொடங்கலாம். நாடாளுமன்றத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. மூடையைப் பிரித்து விற்கும் கடைக்காரர், தொகுதி இலக்கமுள்ள துண்டை வெட்டி அந்த வாளியிலேயே ஒட்டிவைக்கலாம். அதற்குச் செலவு ஒரு கத்தரிக்கோல் வெட்டு. வீட்டில் பிராணி வளர்ப்பவர்களிடம் கேட்பது இன்னும் சிறியது. வாங்கும் தீனியின் இலக்கத்தைக் கைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். நாய் திடீரென்று தீனியை ஒதுக்கினால் கட்டாயப்படுத்தி ஊட்டாதீர்கள். செத்துவிட்டால், புதைக்கும் முன் மிருக வைத்தியருக்குச் சொல்லுங்கள். மிஞ்சிய தீனியை இன்னொரு வீட்டுக்குக் கொடுக்காமல் கட்டி எடுத்துக்கொண்டு போங்கள்.