சுஜாதாவும் சல்மாவும்

மணப்பாறைப் பேருந்து நிலையத்தில், முறுக்குக் கூடைகளுக்கு நடுவே நின்று பாருங்கள். ஒரு பக்கம் திருச்சி, ஸ்ரீரங்கம் போகும் வண்டி. மறுபக்கம் துவரங்குறிச்சிக்கு. தமிழில் மிகவும் அறியப்பட்ட இரண்டு புனைபெயர்கள் இந்த ஒரே மாவட்டத்துக்காரர்களுடையவை. இரண்டும் பெண் பெயர்கள். அவற்றில் ஒன்றைச் சூடிக்கொண்டவர் ஆண்.

ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த ரங்கராஜன், 'சுஜாதா' ஆன கதை நமக்கெல்லாம் மனப்பாடம். ஏற்கெனவே ரா.கி.ரங்கராஜன் என்றொருவர் எழுதிக்கொண்டிருந்தார். குழப்பம் வேண்டாமென்று மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டார். சுவையான துணுக்காகவே இன்றும் இதைச் சொல்கிறோம். கணவன் பெயரைப் பெண் வாயால் சொல்லக்கூடாது என்று வளர்த்த சமூகம் இது. அதில் ஒருத்தியின் சொந்தப் பெயரே கணவரின் பெயராகிப்போனதை யாரும் துணுக்காகக்கூடக் கேட்டதில்லை.

இன்னொருவரும் உண்டு. 'திருவரங்கன் உலா' எழுதும்போது அவர் ஸ்ரீவேணுகோபாலன். பாலியல் தொழிலில் தள்ளப்பட்ட பெண்ணின் கதையான 'என் பெயர் கமலா'வுக்கோ புஷ்பா தங்கதுரை. கோயிலுக்கு ஓர் ஆண் பெயர், விடுதிக்கு ஒரு புஷ்பா! என்ன கணக்கு இது?

இனி துவரங்குறிச்சி வண்டியில் ஏறுவோம். 13 வயதில் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட ரொக்கையா, திருமணத்துக்குப் பின் இரவில் கழிவறைக்குள் நின்றபடி கவிதை எழுதினார். தாள்களைத் தாய் ஒளித்து வெளியே கொண்டுபோனார். அச்சில் வந்த பெயர் 'சல்மா'. 2000இல் 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' அந்தப் பெயரில்தான் வெளிவந்தது. சுஜாதா என்றால் நற்பிறப்பினள். சல்மா, 'சலாம்' பிறந்த அதே அரபு வேரிலிருந்து வந்த சொல். தீங்கு அண்டாதவள் என்று பொருள். பெயரில் இருந்த பாதுகாப்பு வீட்டில் இல்லை. அவர் போட்டுக்கொண்டது அலங்காரமல்ல, தாழ்ப்பாள்.

கருத்தரங்குகளில் இந்த இரண்டையும் 'புனைபெயர் உத்தி' என்று ஒரே தலைப்பில் அடைக்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது அங்கேதான். ஒருவருக்குப் பெயர் மாற்றம் வசதி. இன்னொருவருக்கு, பிடிபட்டால் எழுத்தே நின்றுபோகும் என்ற அச்சம். இரண்டையும் எப்படி ஒரே தராசில் வைப்பது?

பெண்களுக்கான இட ஒதுக்கீடு வந்தபோது, 2001இல், ஒளிந்து எழுதிய அதே பெண் பொன்னம்பட்டி பேரூராட்சித் தலைவரானார். 2025இல் மாநிலங்களவைக்கும் போனார். அங்கும் ரொக்கையா மாலிக் என்ற பெயர் முன்னே நிற்க, சல்மா பின்னே வருகிறது. கணவர் பெயரோடு சேர்ந்தது அரசாங்கத்துக்கு, தானே தேர்ந்தது வாசகருக்கு.

மாணவிகளே, உங்கள் கைப்பேசியைத் திறந்து பாருங்கள். அண்ணனோ சித்தப்பாவோ தேடினால் அகப்படாதபடி ஓரெழுத்தைக் கூட்டி, ஓரெழுத்தைக் குறைத்து எழுதிய பெயர் உங்களில் எத்தனை பேருக்கு இருக்கிறது?