பட்டறை முடிந்தது, பிரச்சனை முடிந்ததா?



உங்கள் அடுக்குமாடி மண்டபத்தில் "குடியிருப்பைச் சேர்ந்தே வடிவமைப்போம்" என்று யாராவது பட்டறை நடத்தியதுண்டா? சுவரில் மாஜோங் தாள், கையில் ஒட்டுத்தாள், கடைசியில் ஒரு குழுப்படம், ஆளுக்கொரு நாசி லெமாக் பொட்டலம். அதற்குப் பிறகு என்ன நடந்தது?

நானும் பட்டறை நடத்தியவன்தான். ஆகவே முதல் குற்றச்சாட்டு என்மீதே. கிள்ளானில் ஒரு மலிவு விலை அடுக்குமாடி. கருத்தை எழுதி ஒட்டச் சொன்னோம். ஓர் அம்மா எதுவும் எழுதவில்லை. சொல்வதற்கு ஒன்றுமில்லை போலும் என்று நினைத்துவிட்டேன். கிளம்பும்போது வாசலில் நிறுத்திக் கேட்டார்: "தம்பி, லிப்ட் கெட்டுப்போனா, டயாலிசிஸ் போற என் வீட்டுக்காரர எட்டு மாடி யாரு தூக்குறது?" எங்கள் தாளில் இருந்ததோ பூங்கா, பெஞ்சு, சுவர் ஓவியம்!

கேட்கத் தவறினால் என்னவாகும்? புக்கிட் கியாராவைப் பாருங்கள். தோட்டம் போனபின், 1980களின் தொடக்கத்தில் சுமார் 100 பாட்டாளிக் குடும்பங்கள் நீண்ட வீடுகளுக்கு மாற்றப்பட்டன. நிரந்தர வீடு என்ற வாக்குறுதி பல்லாண்டுகள் இழுபட்டது. 2017-இல், தாமான் ரிம்பா கியாரா பூங்கா நிலத்தில் அடுக்குமாடிகள் கட்ட அனுமதி தரப்பட்டது. வீடு கேட்ட நம்மவர்களும் பூங்கா கேட்ட அண்டை வீட்டாரும் எதிரெதிரே நிற்க நேர்ந்தது. 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அந்த அனுமதி செல்லாது என்றது. முடிவுக்குக் காரணம் சொல்லும் கடமை டத்தோ பண்டாருக்கு உண்டு என்றும் தீர்ப்பளித்தது. இரு தரப்பையும் தொடக்கத்திலேயே ஒரே மேசையில் உட்கார வைத்திருந்தால், வழக்கில் கழிந்த ஆண்டுகளில் வீடு கட்டியிருக்கலாமே!

பட்டறை நடத்தும் தோழர்களே, மண்டபத்தைப் பூட்டும் முன் பத்து நிமிடம் உட்காருங்கள். யார் வரவில்லை? இரவு வேலைக்காரர்களும் கைக்குழந்தைத் தாய்மாரும் வரக்கூடிய நேரமா அது? யார் பேசவில்லை? மலாயில் எழுதச் சொன்னதால் வாய் மூடினார்களா? எது முன்பே முடிவாகிவிட்டது, அதை மக்களிடம் ஒளிக்காமல் சொன்னோமா? அவர்கள் சொன்னதில் எது வரைபடத்தில் ஏறியது? ஏறாததற்குக் காரணம் என்ன? பதிலோடு அதே மண்டபத்திற்குத் திரும்பிப் போங்கள்.

வாசகர்களே, உங்களுக்கும் ஒன்று. பட்டறையில் ஒட்டிய தாள் சட்டப்படியான ஆட்சேபம் ஆகாது. சிலாங்கூரில் 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டச் சட்டமும், கோலாலம்பூரில் 1982-ஆம் ஆண்டுச் சட்டமும் உள்ளூர்த் திட்ட வரைவுக்கு ஆட்சேபம் தெரிவிக்க உங்களுக்கு இடம் தருகின்றன. கெடுவுக்குள் எழுத்தில் கொடுங்கள். ஒரு நகலில் முத்திரை வாங்கி வையுங்கள்.

அடுத்த முறை நாசி லெமாக் பொட்டலத்தை வாங்கிக்கொள்ளுங்கள், தவறில்லை. கூடவே பட்டறையின் அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள்.