பூநாரை குறைஞ்சதுக்கு மீனவர் மேல பழி போடாதீங்க (நீண்ட இழை)

1/ கொஞ்ச நாளா ஒரு ஃபார்வர்டு சுத்திக்கிட்டே இருக்கு. பழவேற்காட்டுல பூநாரை குறைஞ்சுபோச்சாம், மீனவங்க வலை போட்டு விரட்டிட்டாங்களாம், சரணாலயத்துக்குள்ள மீன்பிடிக்கிறதையே தடை பண்ணணுமாம். கூடவே ஒரு ஃபோட்டோ: முன்னாடி படகு, பின்னாடி கூட்டமா பறக்கிற பூநாரை. இதுக்குப் பதில் சொல்லியே ஆகணும். பெருசா போகும், பொறுமையா படிங்க.

2/ நான் பறவை ஆராய்ச்சியாளர் இல்ல. எம்பிபிஎஸ் முடிச்சு அரசு மருத்துவமனையில வேலை பார்க்கிறவன். லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்தும் பக்கத்துக் குப்பங்கள்ல இருந்தும் மக்கள் என்கிட்ட வைத்தியத்துக்கு வர்றாங்க. லீவு கிடைச்சா பைனாகுலரோட ஏரிக்கரையில நிப்பேன். ரெண்டு பக்கமும் பார்க்கிறதால எழுதறேன்.

3/ இடம் தெரியாதவங்களுக்கு: பழவேற்காடு, சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவுல இருக்கு, தெற்குப் பகுதி நம்ம திருவள்ளூர் மாவட்டத்துல. கடலுக்கும் ஏரிக்கும் நடுவுல ஒரு மணல் திட்டு. பழவேற்காடு பாலத்தைத் தாண்டினா வர்ற லைட்ஹவுஸ் குப்பம் அந்த மணல்லதான் இருக்கு. ஒரு பக்கம் அலை, மறுபக்கம் ஏரி.

4/ ஆந்திரா 1976-லயும் தமிழ்நாடு 1980-லயும் இதைப் பறவைகள் சரணாலயமா அறிவிச்சாங்க. நம்ம பக்கம் 153.67 சதுர கி.மீ. 1613-ல டச்சுக்காரங்க இங்க கோட்டை கட்டினப்பவே பழவேற்காடு பேர்போன துறைமுக ஊர். சரணாலயத்துக்குள்ள மீனவர் வந்து குடியேறல. மீனவர் இருந்த தண்ணிக்குத்தான் சரணாலயம்னு பேர் வந்தது.

5/ சரி, "பூநாரை குறைஞ்சுபோச்சு" எப்படி முடிவு பண்ணீங்க? ஜனவரியில ஒரு ஞாயித்துக்கிழமை வந்தீங்க, கம்மியா தெரிஞ்சுது, வலை கண்ணுல பட்டுது, தீர்ப்பு எழுதிட்டீங்க. ஒரே ஒரு தடவை பிபி பார்த்துட்டு ஆயுசுக்கும் மாத்திரை எழுதுற டாக்டர்கிட்ட நீங்க போவீங்களா?

6/ பூநாரை எப்படிச் சாப்பிடுதுன்னு பாருங்க. நீளக் கழுத்தை வளைச்சு, அலகைத் தலைகீழா தண்ணிக்குள்ள விட்டு, சேத்துத் தண்ணியை உறிஞ்சி, பாசியையும் சின்னச் சின்ன உயிரிகளையும் வடிகட்டிச் சாப்பிடும். அந்த இளஞ்சிவப்பு நிறம்கூட சாப்பாட்டுல இருக்கிற கரோட்டினாய்டுலேருந்து வர்றது. இதுக்கெல்லாம் ஆழமில்லாத தண்ணி வேணும். ஏரியோட சராசரி ஆழமே ஒரு மீட்டர் அளவுதான், அதனாலதான் இங்க வருது.

7/ இப்ப யோசிங்க. வடகிழக்குப் பருவமழை நல்லா பெய்ஞ்ச வருஷம், ஜனவரியில தண்ணி ஏறி நிக்கும். பூநாரைக்குக் கால் எட்டாது. ஏரியோட வேற மூலைக்கோ வேற ஊருக்கோ போயிடும். மழை பொய்ச்ச வருஷம் கரையோரம் காய்ஞ்சுடும், அப்பவும் இடம் மாறும். அதாவது "ஜனவரியில கம்மி"ங்கிறது ஏரி நல்லா இருக்கிறதுக்கும் அறிகுறியா இருக்கலாம். ஒரே அறிகுறிக்கு நாலு காரணம் இருக்கும். எம்பிபிஎஸ்-ல முதல்ல சொல்லித் தர்ற பாடம் அது.

8/ வருஷம் முழுக்க வந்து பார்த்தா கதையே வேற. அக்டோபர்ல மழை. ஆரணி ஆறு, காளங்கி, சுவர்ணமுகி எல்லாம் நல்ல தண்ணியைக் கொண்டு வந்து கொட்டும், உப்பு இறங்கும். நவம்பர், டிசம்பர்ல ஊசிவால் வாத்து மாதிரி வலசை வாத்துகள் வந்து இறங்கும். கூழைக்கடா கூட்டம் கூட்டமா மீன் மேயும். ஜனவரி, பிப்ரவரிதான் உச்சம். நம்ம ஆளுங்க வர்றது அப்ப மட்டும்தான்.

9/ மார்ச், ஏப்ரல்ல யாரும் வர்றதில்ல. எனக்குப் பிடிச்ச மாசமே அதுதான். கொசு உள்ளான்னு ஒரு பறவை, சாதாரணமா 25 கிராம் அளவுதான் எடை. சைபீரியப் பக்கம் ஆர்க்டிக் வரைக்கும் போய் முட்டை போடணும். அதுக்காகச் சேத்துல விடாம கொத்திக் கொத்திக் கொழுப்பு சேர்க்கும். சாம்பல் நிறம் போய் உடம்பு செம்பழுப்பா மாறும். அந்த நேரத்துல ஒவ்வொரு தடவை நாம விரட்டும்போதும் அந்தச் சேமிப்புலேருந்துதான் செலவாகுது.

10/ மே, ஜூன்ல ஏரி சுருங்கும். மழைக்காலத்துல 450 சதுர கி.மீ. வரைக்கும் விரியிற தண்ணி, கோடையில 250 அளவுக்கு இறங்கிடும், உப்பு ஏறும். எல்லாப் பூநாரையும் கட்ச் பக்கம் திரும்பிப் போறதில்ல, கொஞ்சம் இங்கேயே தங்கும். ஆகஸ்ட், செப்டம்பர்ல உள்ளான், உப்புக்கொத்தி திரும்ப வர ஆரம்பிக்கும். இந்த முழுச் சுத்தையும் பார்க்காம "பறவை போச்சு"ன்னு எழுதறது அரைகுறை நோயறிதல்.

11/ ஜனவரிக் கணக்கெடுப்பே வேணாம்னு நான் சொல்லல. பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு, ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ரெண்டுமே வருஷா வருஷம் ஒரே மாசத்துல எண்ணுறதால பல வருஷத்தை ஒப்பிட உதவும். ஆனா ஒரு மாச எண்ணிக்கை "எவ்வளவு"ன்னு சொல்லும், "ஏன்"னு சொல்லாது. ஏன்னு தெரியணும்னா மத்த பதினோரு மாசமும் அங்க இருக்கிறவங்களைக் கேக்கணும். அவங்க யாரு? நீங்க குற்றம் சொல்ற அதே மீனவங்க.

12/ அவங்க காலண்டரும் பறவை காலண்டரும் ஒண்ணுதான். இறால் கடல்ல முட்டை போடும். குஞ்சு முகத்துவாரம் வழியா ஏரிக்குள்ள வந்து வளர்ந்து, திரும்பக் கடலுக்குப் போகும். முகத்துவாரம் மணல் மூடிட்டா இறால் உள்ள வராது, தண்ணி மாறாது, உப்பும் கழிவும் தேங்கும். மீனவர் வலையும் காலி, பறவை வயிறும் காலி. முகத்துவாரத்தை நிரந்தரமா திறந்து வைங்கன்னு எத்தனையோ வருஷமா கேக்கிறது இந்த மக்கள்தான்.

13/ "அவங்க இஷ்டத்துக்கு அள்ளுறாங்க"ன்னு ஒருத்தர் கமெண்ட்ல எழுதியிருந்தார். ஐயா, பழவேற்காட்டுக் குப்பங்கள்ல "பாடு"ன்னு ஒரு முறை இருக்கு. எந்த இடத்துல, எந்த நாள்ல, யார் வலை போடணும்னு ஊர் கூடி முறை வெச்சுப் பிரிச்சுக்கிறது. எல்லாருக்கும் அதுல இடம் கிடைக்குதான்னு கேட்டா, இல்ல, அந்தச் சண்டையும் இருக்கு. ஆனா கட்டுப்பாடே இல்லாத கூட்டம்னு சொல்றது பொய்.

14/ இப்ப அந்த ஃபோட்டோவுக்கு வர்றேன். மேயுற பூநாரை தலையைக் குனிஞ்சு நிக்கும். சிறகு விரிச்சா உள்ள இருக்கிற சிவப்பும் கறுப்பும் தெரியும், படம் அழகா வரும். அதுக்காகக் காசு கொடுத்துப் படகைக் கூட்டத்துக்குள்ள விடச் சொல்றது யாரு? ட்ரோன் பறக்க விடறது யாரு? வலையை இழுக்கிறவருக்குப் பூநாரை பறக்கிறதால ஒத்த ரூபா லாபம் இல்ல. பறக்கிற படம் வேணும்னு வந்தவருக்குத்தான் லாபம்.

15/ டாக்டரா இன்னொண்ணு. 2011 டிசம்பர் 25, பழவேற்காடு ஏரியில சுற்றுலா வந்தவங்க போன படகு கவுந்து 22 பேர் செத்தாங்க. அதுக்கப்புறம்தான் உல்லாசப் படகுக்குத் தடை வந்தது. "அண்ணே, பத்து நிமிஷம், கிட்டப் போய் ஒரு ஷாட்"னு லைஃப் ஜாக்கெட் இல்லாம ஏறாதீங்க. உங்க உயிரும் போகும், மாட்டிக்கிறது படகுக்காரரா இருப்பார்.

16/ மீனவங்க எல்லாரும் புனிதர்னு நான் சொல்ல வரல. பறவை வேட்டை எங்க நடந்தாலும் 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம், பிடிச்சு உள்ள போடுங்க. கிழிஞ்ச நைலான் வலையைத் தண்ணியில விட்டா பறவை கால் மாட்டும், அதைக் குப்பத்துலயும் பேசணும். ஆனா நாலு பேர் தப்புக்கு ஊரையே வெளியேத்தணும்னா, அது பாதுகாப்பு இல்ல.

17/ மனுஷன் போனாத்தான் பறவை வாழும்னு நினைக்கிறவங்க நம்ம ஊரைப் பாருங்க. வேடந்தாங்கல் மக்கள் 1798-லயே கலெக்டர்கிட்ட பறவைக்குப் பாதுகாப்பு கேட்டு வாங்கினவங்க. பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணி வயலுக்கு உரம்னு அவங்களுக்குத் தெரியும். கூந்தன்குளத்துல வீட்டு மரத்துல கூடு கட்டுற நாரையை யாரும் விரட்டறதில்ல. கொள்ளுக்குடிப்பட்டியில தீபாவளிக்கே வெடி வெடிக்கிறதில்ல. மக்கள் இருந்ததாலதான் அங்க பறவை இருக்கு.

18/ அப்ப நிஜமான நோய் எது? 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து எண்ணூர் கழிமுகம் முழுக்கப் பரவுச்சு. கூழைக்கடா உடம்பெல்லாம் எண்ணெய். மீனவர் படகு, வலை, கை, கால் எல்லாம் எண்ணெய். பக்கெட்டும் மக்கும் வெச்சு அதை அள்ளினது அந்த மீனவங்கதான். பறவைக்கு ஒரு விஷம், மனுஷனுக்கு வேற விஷம்னு கிடையாது.

19/ அடுத்தது காட்டுப்பள்ளி அதானி துறைமுக விரிவாக்கத் திட்டம். 330 ஏக்கர்ல இருக்கிறதை 6,111 ஏக்கராக்கணும், அதுல சுமார் 2,000 ஏக்கர் கடலையே தூர்த்து எடுக்கிறது. வருஷத்துக்கு 24.65 மில்லியன் டன் சரக்கு கையாளுறதை 320 மில்லியன் டன்னா ஏத்தணும். 2021 ஜனவரியில வெச்ச பொது விசாரணை தள்ளிப்போச்சு, 2023 செப்டம்பர்ல வெச்சதும் தள்ளிப்போச்சு. பறவைக்காகப் பொங்குற எத்தனை பேர் இதைப் பத்தி ஒரு வரி எழுதினீங்க?

20/ துறைமுகத்துக்கும் ஏரிக்கும் என்ன சம்பந்தம்? நம்ம கரையில கடல் மணலை வருஷத்துல பெரும்பாலும் தெற்கேயிருந்து வடக்கே தள்ளும். நடுவுல கல் கொட்டித் தடுத்தா தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் வந்ததும் தெற்கே மெரினா அகலமாச்சு, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் தின்னுச்சு. காட்டுப்பள்ளிக்கு வடக்கே இருக்கிறது எது? பழவேற்காடும் லைட்ஹவுஸ் குப்பமும். கடலுக்கும் ஏரிக்கும் நடுவுல இருக்கிறது அந்த மெல்லிசு மணல் மட்டும்தான்.

21/ "வேலை கிடைக்கும், வளர்ச்சி வரும்." குப்பத்துலயே அப்படிக் கேக்கிற இளைஞர்கள் இருக்காங்க, அவங்க கேக்கிறது நியாயம். ஆனா கரை போனா, ஏரி போனா, எத்தனை குடும்பத்துக்கு அந்தக் கேட்டுக்குள்ள வேலை கிடைக்கும்? ஆத்துல இடுப்பளவுத் தண்ணியில கையால தடவி இறால் பிடிக்கிற இருளர் அக்காவுக்கு அங்க என்ன வேலை கொடுப்பீங்க?

22/ இதை நான் ஓபியில பார்க்கிறேன். மீன்பாடு இல்லாத மாசத்துல சுகர், பிபி பேஷன்ட் வர்றது குறையும். மாத்திரை இலவசம்தான். ஆனா வாங்க வர பஸ் காசும், ஒரு நாள் பிழைப்பும் போகும். "ஏன்மா மாத்திரை விட்டீங்க?"ன்னு கேட்டா, "கடல்ல ஒண்ணும் இல்ல சார்"னு பதில் வரும். அப்புறம் கால் புண்ணோட வருவாங்க. ஏரியோட ஆரோக்கியம் எங்க வார்டுல தெரியும்.

23/ என்ன பண்ணலாம்? வருஷத்துல நாலு தடவையாவது வாங்க: அக்டோபர், ஜனவரி, ஏப்ரல், ஜூன். கரையிலேருந்தே பாருங்க. பூநாரை மேயறதை நிறுத்தித் தலையைத் தூக்கினா நீங்க ரொம்பக் கிட்ட வந்துட்டீங்கன்னு அர்த்தம், பின்வாங்குங்க. பார்த்ததை இ-பேர்ட்ல பதியுங்க. பார்க்காத நாளையும் பதியுங்க, அதுவும் தகவல்தான்.

24/ கரையில வலை பின்னுற அண்ணன்கிட்ட, மீன் விக்கிற அக்காகிட்ட பேசுங்க. முகத்துவாரம் எப்ப மூடுச்சு, தண்ணி எவ்வளவு, இறால் வந்துச்சான்னு கேளுங்க. அதையும் எண்ணிக்கையோட சேர்த்து எழுதுங்க. அப்பதான் உங்க எண்ணிக்கைக்கு அர்த்தம் வரும்.

25/ அடுத்த பொது விசாரணை அறிவிப்பு வந்தா, அந்த ஃபார்வர்டைப் பரப்பின அத்தனை பேரும் எழுத்துல கருத்து கொடுங்க, நேர்லயும் வாங்க. மீனவங்க பக்கத்துல நின்னு "எங்களுக்கும் இந்த ஏரி வேணும்"னு சொல்லுங்க. அதைச் செய்ய மனசில்லாதவங்க, குறைஞ்சபட்சம் அந்த ஃபோட்டோவை டெலீட் பண்ணுங்க.