கேம் விளையாடினால் பாஷை வருமா?

பதிவு கொஞ்சம் நீளம். பிள்ளையின் கையில் போன் கொடுத்திருக்கும் உம்மா, வாப்பாமார் பொறுமையாக வாசியுங்கள்.

பெற்றார் கூட்டம் எது நடந்தாலும் இப்போது இரண்டு பேச்சுத்தான். ஒன்று, "கேமால புள்ள நாசமாகிட்டான் சேர்." மற்றது, "கேம் விளையாடித்தான் சேர் அவனுக்கு இங்கிலீஷே வந்திச்சி." இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. இரண்டாவது பாதியைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

ஃப்ரீ ஃபயர், பப்ஜி விளையாடும் தரம் ஒன்பது பையனுக்கு ரீலோட், ரிவைவ், எனிமி, கவர், லூட் எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. நமக்கு ரீலோட் என்றால் கடையில் போனுக்குப் போடும் காசு. அவனுக்குத் துவக்கில் திரும்பக் குண்டு நிரப்புவது. அவன் அறிந்ததுதான் அந்தச் சொல்லின் பழைய அர்த்தம். இதை வைத்து ஒரு நாள் பாடமே நடத்தினேன். 'ரீ' என்று தொடங்கும் பல சொற்களில் 'திரும்ப' என்ற அர்த்தம் இருக்கிறது என்றேன். ரீலோட், ரிவைவ், ரீஸ்பான் அவர்கள் தந்தவை. ரீரைட், ரீபில்ட், ரீபே நான் சேர்த்தவை. பின்வரிசையில் அத்தனை கை உயர்ந்து நான் கண்டதில்லை.

அடுத்து, "நேற்று நான் என் கூட்டாளியைக் காப்பாற்றினேன்" என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். எல்லாக் கையும் இறங்கிவிட்டது. சேவ் தெரியும், சேவ்ட் தெரியாது. யோசித்தால் காரணம் விளங்கும். சுடுகிற கேமில் நேற்று என்பதே கிடையாது. ஓடு, சுடு, வா, குனி. எல்லாம் கட்டளை, எல்லாம் இந்த நிமிடம். இருநூறு மணித்தியாலம் விளையாடினாலும் திரும்பத் திரும்ப அதே நாற்பது, ஐம்பது சொல்தான். ஓஎல் வினாத்தாளோ கடிதம் எழுதச் சொல்லும், பந்தி வாசிக்கச் சொல்லும்.

அப்படியென்றால் ஒன்றும் இல்லையா? இருக்கிறது. அதைச் சிங்களத்தில் கண்டேன். கடையில் சாமான் வாங்கும் அளவுக்குச் சிங்களம் நம் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். அதற்கு மேல் வகுப்பில் நான்கு வசனம் பேசச் சொன்னால் வாய் திறக்காது. பிழை விட்டால் பக்கத்தில் இருப்பவன் சிரிப்பான் என்ற வெட்கம். அதே பையன் பலாங்கொடையிலோ எம்பிலிப்பிட்டியிலோ இருக்கும் சிங்களப் பையனோடு கேமில் சேர்ந்தால் "பிட்டிபஸ்ஸென் எனவா!" என்று கத்துகிறான். வெட்கப்பட அங்கே நேரமில்லை, சொல்லாவிட்டால் இருவருமே அவுட். பயமும் வெட்கமும் இருந்தால் மொழி உள்ளே இறங்காது என்று க்ராஷன் 1982இல் எழுதியதைப் பயிற்சிக் கலாசாலையில் பரீட்சைக்காகப் பாடமாக்கினோம். இந்தப் பையன்களைப் பார்த்த பிறகுதான் அது எனக்கு விளங்கியது. சிங்களம் சின்ன விஷயமும் இல்லை. 2007 ஜூலைக்குப் பிறகு அரச சேவையில் சேர்ந்தவர்கள் மற்ற அரச கரும மொழியிலும் தேர்ச்சி காட்ட வேண்டும் என்பது சுற்றுநிருபம்.

ஸ்வீடனில் 11, 12 வயதுப் பிள்ளைகள் 86 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2012இல் வெளியானது. கிழமைக்கு ஐந்து மணித்தியாலமோ அதற்கு மேலோ கேம் விளையாடியவர்கள் ஆங்கிலச் சோதனைகளில் முன்னுக்கு நின்றார்கள். "பார்த்தீங்களா சேர்" என்று துள்ள வேண்டாம். அந்த நாட்டில் ஆங்கிலப் படங்களைக் குரல் மாற்றாமல் கீழே எழுத்துப் போட்டுத்தான் டீவியில் காட்டுகிறார்கள். பிள்ளை கேமைத் தொடுவதற்கு முன்பே வீட்டில் ஆங்கிலம் கேட்டு வளர்கிறது. றக்வானையில் அப்படியா?

அதனால் என் அபிப்பிராயம், எத்தனை மணித்தியாலம் என்று மட்டும் சண்டை பிடிக்காமல் எந்தக் கேம் என்றும் பாருங்கள். வாசிக்காமல் நகர முடியாத கேம் நல்லது. கதையுள்ளவை, ஊர் கட்டுபவை, தோட்டம் செய்பவை. மைன்கிராஃப்ட் அந்த வகை. அதில் தமிழிலும் மாற்றலாம், சந்தோஷம்தான், ஆனால் இந்த வேலைக்கு ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். அரை மணித்தியாலம் விளையாடட்டும். முடிந்ததும் இன்று என்ன செய்தாய் என்று ஆங்கிலத்தில் மூன்று வசனம் கொப்பியில் எழுதட்டும். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கொப்பியை எனக்கு அனுப்புங்கள். அந்த 'நேற்று' அப்படித்தான் வரும்.

முன்பின் தெரியாதவர்களோடு மைக்கில் பேச விடாதீர்கள். முதலில் தொற்றுவது தூஷண வார்த்தைதான், அது எந்தப் பாஷையில் என்றாலும். டயமண்டும் வாங்கிக் கொடுக்காதீர்கள். மாணிக்கக்கல் விற்கும் ஊரில் இருந்துகொண்டு போனுக்குள் இருக்கும் டயமண்டுக்கு வாப்பாவின் காசு போவதைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

இன்னொன்று. இவ்வளவு நேரமும் பையன்களைப் பற்றியே எழுதியிருக்கிறேன். ஏனென்றால் போன் அவர்கள் கையில்தான். என் வகுப்பில் ஆங்கிலம் எழுதுவதில் பெண் பிள்ளைகள் எப்போதும் முன்னுக்கு. பேசச் சொன்னால் தலை குனிகிறார்கள். வெட்கமில்லாமல் பிழை விட்டுப் பழக நானாவுக்கு ஓர் இடம் இருக்கிறது, தங்கச்சிக்கு இல்லை. நானாவுக்கு அரை மணித்தியாலம் என்றால் அவளுக்கும் அதே அரை மணித்தியாலம் கொடுங்கள். அண்ணன் தங்கை இருவரும் ஒரே போனில், வீட்டு ஹோலில், உங்கள் கண் முன்னால் விளையாடினாலும் சரி.