மருந்து ஊற்றும் முன்

விளக்கு முழு வீச்சில் எரியும் நண்பகலில் கடல்நீர்ப் பவளத் தொட்டியின் கண்ணாடியிலும் மணலிலும் துரு நிறத்தில் திட்டுத்திட்டாக ஏதோ படர்ந்திருக்கும். பழுப்புப் பாசி என்று நினைத்துப் பலர் சுரண்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். சுரண்டுவதற்கு முன் ஒரு பிப்பெட்டால் மெல்ல ஊதிப் பார்க்கலாம். பாசியாக இருந்தால் தூளாகக் கலங்கும். தட்டைப்புழுவாக இருந்தால் ஒவ்வொன்றும் தனித்தனியே கழன்று மிதந்து, வெளிச்சம் விழும் வேறொரு இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

ரீஃப் தொட்டிகளில் 'ரெட் பிளானேரியா' என்று அறியப்படும் இந்தப் புழு கான்வொலூட்ரிலோபா இனத்தைச் சேர்ந்தது. சில மில்லிமீட்டர் நீளம்தான். வால் பக்கம் மூன்று மடல்களாகப் பிரிந்திருக்கும். உடலுக்குள்ளேயே நுண்பாசியை வைத்துக்கொண்டு, அது வெளிச்சத்தில் தயாரிக்கும் உணவில் பங்கு வாங்கிக்கொள்கிறது. கூடவே கோப்பிபாட் போன்ற மிகச் சிறிய உயிரினங்களையும் பிடித்துத் தின்கிறது. பெருகுவதற்கு இணை தேவையில்லை. பின்புறத்தில் மொட்டு விட்டு, அந்த மொட்டு தனிப் புழுவாகப் பிரிந்து போகும். கல்லின் அடியில் ஒட்டி வந்த ஒற்றைப் புழு சில மாதங்களில் தொட்டியை நிறைப்பது இப்படித்தான்.

இந்தப் புழு பவளத்தைக் கடிப்பதில்லை. மேலே படர்ந்து, பவளத்துக்குப் போக வேண்டிய வெளிச்சத்தை மறிக்கிறது. வாமினோவா என்ற இன்னொரு வகை பவளத்தின் மேலேயே பழுப்புப் புள்ளிகளாக உட்கார்ந்து அதன் கோழையைத் தின்னும். காளான் பவளம் வைத்திருப்பவர்களுக்கு இது பழக்கமான தொல்லை. மூன்றாவது வகையான புரோஸ்தியோஸ்டோமம் அக்ரோபோரே, அக்ரோபோரா என்ற கல் பவளத்தின் சதையையே தின்பது. தொட்டி வளர்ப்பாளர்களை நெடுநாள் அலைக்கழித்த பிறகே இதற்கு 2011-இல் அறிவியல் பெயர் கிடைத்தது. இயற்கைப் பவளத்திட்டில், ஆஸ்திரேலியாவின் லிசார்ட் தீவில், இது இருப்பது அதற்கு அடுத்த ஆண்டுதான் பதிவானது. கடலில் இயற்கை எதிரிகளுக்கு நடுவே கண்ணில் படாமல் கிடந்த புழு, எதிரியே இல்லாத கண்ணாடித் தொட்டியில் கொள்ளைநோயாகிவிட்டது.

எந்தப் புழு என்று தெரியாமல் வைத்தியத்தில் இறங்கக் கூடாது. ஆனால் நடப்பில் புழு தெரிந்த அன்றே மருந்து தேடுகிறார்கள். லெவாமிசோல் கான்வொலூட்ரிலோபாவைக் கொல்லும் என்பது உண்மை. தட்டைப்புழுவுக்கென்று விற்கும் மருந்துகளை நம்பிப் பலரும் தொட்டியை மீட்டிருக்கிறார்கள். சிக்கல் இரண்டு இடத்தில் இருக்கிறது.

முதலாவது, ஆடு மாடு வளர்ப்பு நிறைந்த மதுரைச் சமவெளியில் லெவாமிசோல் கால்நடை மருந்துக்கடையில் மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் குடற்புழு நீக்கத்துக்கு விற்கும் பாட்டில்கள் பலவற்றில் அதோடு ஆக்ஸிகுளோசனைடு என்ற ஈரல்புழு மருந்தும் கலந்திருக்கும். ஆட்டின் உடல் எடையைக் கணக்கிட்டுத் தயாரித்த கலவையை லிட்டர் கணக்கில் தொட்டிக்குப் பொருத்துவது வெறும் ஊகம். லேபிளைப் படிக்காமல் வாங்குபவர் எந்த மருந்தை ஊற்றுகிறோம் என்றே தெரியாமல் ஊற்றுகிறார்.

இரண்டாவது, மருந்தைவிடக் கொடியது செத்த புழு. கான்வொலூட்ரிலோபா சாகும்போது உடலிலிருந்து நஞ்சு கசியும். பத்துப் புழு செத்தால் தொட்டி தாங்கிக்கொள்ளும். ஆயிரக்கணக்கில் ஒரே மணி நேரத்தில் செத்தால் மீன்கள் மேலே வந்து வாய் திறந்து மூச்சுக்குத் தவிக்கும். மதுரைக் கோடை இதை இன்னும் மோசமாக்குகிறது. 25 டிகிரியில் கடல்நீர் லிட்டருக்குச் சுமார் 6.8 மில்லிகிராம் ஆக்ஸிஜனைப் பிடித்துவைக்கும். 30 டிகிரியில் அது 6.2 அளவுக்கு இறங்கிவிடும். நீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாத தொட்டியில், சித்திரை மாத மாலையில் மருந்து ஊற்றி, நடுவில் மின்சாரமும் போனால் விடியும்போது மிஞ்சுவது சொற்பம்.

ஆகவே முதல் வேலை உறிஞ்சி எடுப்பது. மெல்லிய குழாயால் தினமும் விளக்கு நேரத்தில், புழுக்கள் வெளிச்சத்துக்குத் திரண்டு வரும்போது, துணிவடிகட்டி வழியாக இழுத்துவிட வேண்டும். தீனியைக் குறைக்க வேண்டும். ஓரிரு வாரம் விடாமல் செய்தால் எண்ணிக்கை கண்கூடாகக் குறையும்; பல தொட்டிகளுக்கு அதற்கு மேல் மருந்தே வேண்டியிராது. வேண்டியிருந்தால், கல்லும் மணலும் அடைத்த இடத்தைக் கழித்து, சம்ப் என்ற வடிகட்டித் தொட்டியையும் சேர்த்து உண்மையான நீரளவைக் கணக்கிட வேண்டும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்புக் கலந்து, தொட்டி நீரில் கால் பங்கு அளவுக்காவது முந்தைய நாளே தயாராக வைக்க வேண்டும். புதிய ஆக்டிவேட்டட் கார்பனும் பேட்டரி ஏர்பம்பும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். காலையில் தொடங்கி, லேபிள் சொல்லும் நேரம் முடிந்ததும் செத்த புழுவை உறிஞ்சி, கார்பனை ஓடவிட்டு, நீரை மாற்ற வேண்டும். தப்பியவை மறுபடி பெருகும் என்பதால் இரண்டாவது சுற்றுக்கும் தயாராக இருப்பது நல்லது.

புழு தின்னும் மீன்களும் உண்டு. ஆறு கோடு ராஸ், மஞ்சள் ராஸ் ஆகியவற்றில் சில ஆர்வமாகத் தின்னும், சில திரும்பிக்கூடப் பார்க்காது. கெலிடோனூரா வேரியன்ஸ் என்ற கடல் நத்தை வகை புழுவை மட்டுமே நம்பி வாழ்வது. புழு தீர்ந்ததும் பட்டினியில் செத்துவிடும். அதை வாங்குபவர் அடுத்து யாரிடம் கொடுப்பது என்பதையும் முடிவுசெய்துவிட்டு வாங்க வேண்டும்.

புழு வந்த வழியைப் பார்த்தால் பெரும்பாலும் கல்லும் பவளத் துண்டும்தான். இங்கே சட்டமும் ஒரு வழியை அடைத்திருக்கிறது. கல் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. கடலில் கிடக்கும் செத்த பவளக்கல்லை அள்ளி வருவதும் குற்றம். ராமேஸ்வரம் பக்கம் போய்வரும்போது 'லைவ் ராக்' என்று மூட்டையில் வாங்கி வருபவர் புழுவையும் வழக்கையும் சேர்த்தே வாங்குகிறார். செராமிக், சிமென்ட் செயற்கைக் கற்களில் எந்தப் புழுவும் ஒட்டி வராது. பாக்டீரியா குடியேறச் சில வாரம் பொறுத்தால் போதும்.

எதிர்த் திசையிலும், தொட்டியிலிருந்து கடலுக்கும், ஆபத்து உண்டு. வணிகத்துக்காகக் கொண்டுவந்து வளர்த்த கப்பாஃபைகஸ் கடற்பாசி, மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் உயிருள்ள பவளங்களின் மேல் படர்ந்து மூடியதை மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் கரன்ட் சயின்ஸ் இதழில் பதிவுசெய்தார்கள். வெளியூர் உயிரி ஒன்று வெளிச்சத்தை மறித்தால் பவளம் என்னவாகும் என்பதற்கு நம் கடற்கரையிலேயே சான்று இருக்கிறது. தொட்டியைக் கலைப்பவர்கள் அதன் நீரையோ கல்லையோ பவளத் துண்டையோ மண்டபத்துக்கோ ராமேஸ்வரத்துக்கோ கொண்டுபோய்க் கடலில் விடக் கூடாது. நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் காயவிட்டு அப்புறப்படுத்தலாம்.

கடைக்காரர்களுக்கு இந்த இதழின் வேண்டுகோள்: வந்து இறங்கும் பவளத்தை அன்றே விற்பனைத் தொட்டியில் போடாதீர்கள். மணல் இல்லாத தனித் தொட்டியில் நான்கு முதல் ஆறு வாரம் வையுங்கள். மருந்துக் குளியல் முட்டையைக் கொல்லாது என்பதால் அடிக்கட்டையை வெட்டி எறிந்துவிட்டுப் புதிய கட்டையில் ஒட்டுங்கள். வந்த தேதியைத் தொட்டியின் மேல் எழுதி வையுங்கள். வாங்குபவர்கள் விலையைக் கேட்பதற்கு முன் அந்தத் தேதியைக் கேளுங்கள். தேதி சொல்லாத கடையில் வாங்க வேண்டாம்.