குதிப்பது 4 நிமிடம்! கால் எலும்பு தாங்குமா?

20 விநாடி முழு வேகத்தில் குதிப்பது; 10 விநாடி ஓய்வு. இப்படி 8 தடவை. மொத்தம் 4 நிமிடம். "டபாட்டா" என்னும் இந்தப் பயிற்சியைப் பல நாடுகளில் ஆணும் பெண்ணும் வீட்டிலேயே செய்கிறார்கள்.

இசுமி டபாட்டா, ஜப்பான் நாட்டு விஞ்ஞானி. பனித்தரையில் சறுக்கி ஓடும் பந்தய வீரர்களின் பயிற்சி முறையை அவர் ஆராய்ந்தார். 1996-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்.

அந்தச் சோதனையில் யாரும் குதிக்கவில்லை! உடற்பயிற்சிக் கல்வி கற்கும் வாலிபர்கள், ஒரே இடத்தில் நிற்கும் சைக்கிளை மிதித்தார்கள். அதில் பாதம் தரையில் மோதாது. குதித்து இறங்கினாலோ, உடல் எடையைப்போலப் பல மடங்கு பாரம் காலில் விழும்.

இருதயம் சில வாரங்களில் பயிற்சிக்குப் பழகிவிடும். எலும்புக்கு மாதக்கணக்கில் ஆகும். "மூச்சு வாங்கவில்லையே" என்று தினமும் குதித்தால், முழங்காலுக்குக் கீழே எலும்பில் மயிரிழைபோல் விரிசல் விழலாம்.

பயிற்சி நல்லதுதான். ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர்கள் நடையிலும் சைக்கிளிலும் தொடங்கவேண்டும். குதிப்பதைச் சிறிது சிறிதாகக் கூட்டவேண்டும். இடையிடையே ஓய்வு நாள் வேண்டும். எலும்பில் ஒரே இடத்தில் வலி நீடித்தால், பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டவேண்டும். வலியோடு குதிப்பது வீரம் ஆகாது.